க்ளீவ்லேண்ட் பர்க் லேக்ஃபிரண்ட்: அப்பாவை ஏற்றிக்கொண்டு முதன்முறை போகிறேன், வழி சொல்லுங்கள்

பொன்மலையான் | ஆன் ஆர்பர், மிச்சிகன்

வணக்கம். தனியார் விமானி உரிமம் கைக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை. பறப்புக் கழகத்தின் செஸ்னா 172 என்ற சிறு விமானம் ஒன்றை வாடகைக்கு எடுத்துப் பறக்கிறேன். ஆன் ஆர்பரை விட்டால் நான் இறங்கியதெல்லாம் சோளக்காட்டு நடுவே ஒற்றை ஓடுபாதையும் ஒரு பெட்ரோல் பம்பும் மட்டுமே இருக்கிற ஊர்கள். இப்போது க்ளீவ்லேண்ட் என்ற பெரிய நகரத்தின் மடியிலேயே, அதுவும் ஈரி ஏரிக்கரையில் இருக்கும் பர்க் லேக்ஃபிரண்ட் விமான நிலையத்தில் இறங்க வேண்டும் என்று ஆசை வந்திருக்கிறது.

காரணம் அப்பா. திருச்சியிலிருந்து வந்திருக்கிறார். ரயில் எஞ்சின் ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். பர்க் நிலையத்துக்குப் பக்கத்துத் துறையில் 'வில்லியம் ஜி. மேதர்' என்ற பழைய சரக்குக் கப்பலை அருங்காட்சியகமாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். 1925-இல் கட்டிய நீராவிக் கப்பல். அதன் எஞ்சின் அறைக்குள் இறங்கிப் பார்க்கலாம் என்று சொன்னதிலிருந்து அவருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. கூடவே, "தண்டவாளமும் இல்லை, கைகாட்டியும் இல்லை, எதை வைத்துப் போவாய்?" என்று தினமும் குறுக்கு விசாரணை வேறு.

என் சந்தேகங்கள் இவை. பர்க் நிலையம் ஹாப்கின்ஸ் பெரிய விமான நிலையத்தின் க்ளாஸ் பி என்ற கட்டுப்பாட்டு வான்வெளிக்குக் கீழே ஒளிந்திருக்கிறது. அதற்குத் தனி அனுமதி வாங்க வேண்டுமா? இரண்டு இணை ஓடுபாதைகள் இருக்கின்றன. நான் இணை ஓடுபாதையில் இறங்கியதே இல்லை. ஜெட் விமானங்களுக்கு நடுவே 172-ஐ ஓட்டிக்கொண்டு போனால் டவரில் இருக்கும் கன்ட்ரோலர் எரிந்து விழுவாரா? ஆன் ஆர்பரிலிருந்து நேர்கோடு போட்டால் மொத்தம் நூறு கடல் மைல் பக்கம் வருகிறது, அதில் பெரும்பகுதி ஏரிக்கு மேல். அப்படியே போகலாமா, சுற்றிப் போகலாமா?

ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் கிளம்ப உத்தேசம். கப்பலைப் பார்த்து, சாப்பிட்டு, நகர விளக்குகளையும் அப்பாவுக்குக் காட்டிவிட்டு இருட்டிய பிறகு நிதானமாகத் திரும்பலாம் என்றிருக்கிறேன்.

---

வலது இருக்கை | பறப்புப் பயிற்றுநர், க்ளீவ்லேண்ட் கிழக்குப் புறநகர்

தம்பி, நீங்கள் கேள்விக்குறி போட்ட விஷயங்கள் எல்லாம் ஒரு மாலை உட்கார்ந்து வரைபடத்தைப் பார்த்தால் தீர்ந்துவிடும். கேள்விக்குறி போடாமல் கடைசி வரியில் ஒன்றை எழுதினீர்களே, "இருட்டிய பிறகு நிதானமாக" என்று, எனக்கு அங்கேதான் கண் நின்றது. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் பகலில் வந்து சேருங்கள்.

நேர்கோடு வேண்டாம். ஆன் ஆர்பரிலிருந்து பர்க்குக்கு ஒரு நூலைப் பிடித்துப் பாருங்கள். பீலீ தீவை ஒட்டிப் போகும். அது கனடா. எங்கும் இறங்காமல் கடந்தாலும் எல்லையைத் தாண்டுவதற்குப் பறப்புத் திட்டம், ரேடாரில் உங்களை அடையாளம் காட்டும் தனி ஸ்குவாக் எண், ரேடியோ தொடர்பு எல்லாம் வேண்டும். அந்தத் தாள் வேலையை விடுங்கள். உங்கள் விமானம் எஞ்சின் நின்றால் ஆயிரம் அடி உயரத்துக்கு ஒன்றரைக் கடல் மைல் சறுக்கும். ஐயாயிரம் அடியில் போனாலும் ஏழரை மைல். ஏரி நடுவில் அது எந்தக் கரைக்கும் போதாது. ஈரி ஐந்து பேரேரிகளில் ஆழம் குறைந்தது, சராசரி 19 மீட்டர்தான். ஆழம் குறைந்த ஏரி என்பதால் கொஞ்சம் காற்று அடித்தாலே குட்டையான, செங்குத்தான அலைகள் எழும். சக்கரம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் 172-ஐ அதன் மேல் இறக்கினால் மூக்குக் குத்திக் கவிழத்தான் வாய்ப்பு அதிகம்.

தெற்கே டொலீடோ வரை வந்து, பிறகு கரையை இடப்பக்கம் வைத்துக்கொண்டு கிழக்கே திரும்புங்கள். இருபத்தைந்து மைல் போலக் கூடும், கால் மணி நேரம். அப்பாவுக்கு வேடிக்கை பார்க்க நிறைய இருக்கிறது: டேவிஸ்-பெஸ் அணுமின் நிலையத்தின் ஒற்றைக் குளிர்விப்புக் கோபுரம், அப்புறம் சாண்டஸ்கி முனையில் சீடர் பாயிண்டின் ரோலர் கோஸ்டர்கள். மேலிருந்து பார்த்தால் அவருக்கு அதுவும் தண்டவாளம்தான். போர்ட் க்ளின்டனுக்கு முன்னால் ஆர்-5502 என்று ஒரு தடைப் பகுதி உண்டு, கேம்ப் பெர்ரி துப்பாக்கிச் சுடுதளம். அது இயங்குகிறதா என்று அப்ரோச்சிடம் (அந்தப் பகுதியின் ரேடார் கட்டுப்பாடு) கேட்டுவிட்டு நெருங்குங்கள்.

க்ளாஸ் பி பற்றி. அந்த வான்வெளியின் அடி விளிம்புக்குக் கீழேயே வந்தால் அனுமதி வேண்டாம். உங்கள் இடத்தையும் உயரத்தையும் கட்டுப்பாட்டுக்குக் காட்டும் ட்ரான்ஸ்பாண்டரும் ஏடிஎஸ்-பியும் வேலை செய்தால் போதும். அப்ரோச்சிடம் ஃப்ளைட் ஃபாலோயிங், அதாவது ரேடாரில் உங்களைப் பார்த்துக்கொண்டே வரும் சேவையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் அவர் உங்களோடு பேசுகிறார் என்பதற்காக உள்ளே நுழைந்துவிடக் கூடாது. "க்ளியர்ட் இன்டு த ப்ராவோ" (க்ளாஸ் பி-க்குள் வர அனுமதி) என்று அந்தச் சொற்களே காதில் விழ வேண்டும். விழாத வரைக்கும் உங்களுக்கு மேலே கூரை இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

கன்ட்ரோலர் எரிந்து விழுவாரா என்று கேட்டீர்கள். முதல் அழைப்பிலேயே ஒரு சொல்லைச் சேர்த்துவிடுங்கள்: "பர்க் டவர், செஸ்னா இன்னது, லேக்வுட் மேலே, இன்ஃபர்மேஷன் சார்லி, லேண்டிங், அன்ஃபமிலியர்." சார்லி என்பது அப்போதைய பதிவு செய்த வானிலை அறிவிப்பின் எழுத்து. அன்ஃபமிலியர் என்றால் இந்த இடம் எனக்குப் புதிது. இதைச் சொல்ல என் மாணவர்கள் பலர் கூச்சப்படுகிறார்கள். நன்றாகப் பேசத் தெரிந்தவர் போல வேகமாகப் பேசிவிட்டு, பிறகு தவறான ஓடுபாதைக்கு வரிசை கட்டுவார்கள். அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் டவரில் இருப்பவரின் பேச்சு மாறுவதை நீங்களே கேட்பீர்கள். "ஸ்டேடியத்தைத் தாண்டியதும் சொல்லுங்கள், ஓடுபாதைப் பக்கம் பேஸ் திரும்பும் நேரத்தை நான் சொல்கிறேன்" என்று கையைப் பிடித்து அழைத்துப்போவார்.

இனி ஓடுபாதை. அதன் எண் என்பது திசைகாட்டிப் பாகையைப் பத்தால் வகுத்தது. உங்கள் ஊரிலும் 06/24, இங்கேயும் 06/24. திசைகாட்டியில் பழக்கப்பட்ட எண்தான் வரும், அந்தக் கவலை விட்டது. இங்கே இரண்டு: ஏரியை ஒட்டி இருப்பது 6 இடது / 24 வலது, சுமார் 6,600 அடி. டெர்மினல் பக்கம் இருப்பது 6 வலது / 24 இடது, சுமார் 5,200 அடி. ஆன் ஆர்பரின் 3,505 அடியில் இறங்குகிறவருக்கு எதுவானாலும் தாராளம். அளவு தாராளமாக இருப்பதிலும் ஒரு சங்கடம் உண்டு. அகலமான ஓடுபாதையைப் பார்த்ததும் தாழ வந்துவிட்டோம் என்று கண் சொல்லும், சீக்கிரமே மூக்கைத் தூக்கி மிதப்பீர்கள். 24 வலதில் இறங்கினால் டெர்மினலுக்கு வர 24 இடதைக் குறுக்கே கடக்க வேண்டும். "ஹோல்ட் ஷார்ட்" என்றால் ஓடுபாதை எண்ணோடு திருப்பிச் சொல்லிவிட்டு, கோட்டுக்கு முன்னால் நில்லுங்கள். அப்பா சரியாகப் புரிந்துகொள்வார். சிவப்புக் கைகாட்டியைத் தாண்டினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாததா.

பெரும்பாலும் காற்று தென்மேற்கிலிருந்து வரும், 24 கொடுப்பார்கள். நீங்களோ மேற்கிலிருந்து வருகிறீர்கள். ஆகவே நகரத்தைத் தாண்டி, ஏரிக்கு மேல் வலது டவுன்விண்ட், அதாவது ஓடுபாதையை வலப்பக்கம் வைத்து அதற்கு இணையாக எதிர்த்திசையில் பறக்கச் சொல்லலாம். இதை மட்டும் கொஞ்சம் மனதில் ஓட்டிப் பாருங்கள். இடப்பக்கம் வெறும் தண்ணீர். வலப்பக்கம் கீழே துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர், அதற்கு அப்பால் ஓடுபாதைகள், பின்னால் நகரம். கீ டவர் 947 அடி உயரம். நீங்கள் வட்டமிடும் உயரமும் அதன் உச்சியும் கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் இருக்கும். அது கண்ணுக்கு எதிரே நிற்பதைப் பார்த்துச் சில பேர் பயந்து மேலும் ஏரிக்குள் ஒதுங்குகிறார்கள். வேண்டாம், அது நிலையத்துக்குத் தென்மேற்கே தள்ளித்தான் இருக்கிறது. இன்னொன்று, ஓடுபாதை வலப்பக்கம், நீங்கள் இடது இருக்கையில், நடுவில் அப்பாவின் தலை. ஜன்னல் ஓரம் கேமராவை வைத்துக்கொண்டு முன்னே சாய்ந்தார் என்றால் ஓடுபாதை மறைந்தே போகும். கிளம்புவதற்கு முன்பே சொல்லி வையுங்கள்: டவுன்விண்டில் இருக்கையில் நன்றாகச் சாய்ந்து உட்கார வேண்டும், படம் எடுப்பதெல்லாம் தரையில்.

பேஸ் திரும்பும்போதும் கீழே தண்ணீர்தான். மரமோ வீடோ இல்லாத பரப்பில் நம் கண் நாம் உயரத்தில் இருப்பதாகவே சொல்லும். கை தன்னாலே கீழே இறக்கும். இறங்கும் சரிவைக் காட்டும் பாப்பி விளக்குகளைப் பார்த்து வாருங்கள், இரண்டு வெள்ளை இரண்டு சிவப்பு என்றால் சரி, நான்கும் சிவப்பு என்றால் மிகத் தாழ்வு. ஓடுபாதையின் மட்டம் ஏரி மட்டத்தைவிடப் பத்துப் பன்னிரண்டு அடிதான் மேலே. நான்கும் சிவப்பாகத் தெரிந்த பிறகு யோசிக்க நேரம் இருக்காது.

கடற்காகங்கள். இந்த நிலையத்துக்கு அவைதான் நிரந்தரக் குடிகள். ஆற்றுத் துறையில் தூர்வாரிய சேற்றைக் கொட்டும் அணைக்கட்டுக் குட்டைகள் பக்கத்திலேயே இருப்பதால் பறவைக்குச் சாப்பாட்டுக் குறையில்லை. ஓடுபாதைக்கு நேராக இறங்கும் ஃபைனலில் கூட்டமாக எழுந்தால் வளைந்து நெளிந்து தப்பிக்கப் பார்க்காதீர்கள். இறங்காமல் மேலே ஏறி மறுபடி சுற்றி வரும் கோ-அரவுண்ட் செய்யுங்கள், பறவைகள் பெரும்பாலும் கீழ்நோக்கித்தான் பாயும். அடுத்தது பூச்சி. ஜூன் கடைசியில் மேஃப்ளை கிளம்பும். வானிலை ரேடாரிலேயே மழை மேகம் மாதிரி தெரியும் அளவுக்குக் கூட்டம். மேற்குக் கரையோரம் தாழப் பறந்தால் முன் கண்ணாடியில் மஞ்சளும் பழுப்புமாக அப்பிக்கொள்ளும். காய்ந்துவிட்டால் வெறும் துணிக்கு அசையாது. ஈரத்துணியைப் போட்டு ஐந்து நிமிடம் ஊறவிட்டு, மேலிருந்து கீழாக மட்டும் துடையுங்கள். வட்டமாகத் தேய்த்தால் அக்ரிலிக்கில் கீறல் விழும், சாயங்கால வெயிலில் அத்தனை கீறலும் பளபளக்கும்.

காற்று எப்போதும் தென்மேற்காகவே இருக்கும் என்று நம்பியும் வராதீர்கள். வெயில் ஏறிய நாளில் நிலம் சுடும், ஏரி குளிர்ந்தே இருக்கும். பிற்பகலில் வடக்கிலிருந்து ஏரிக்காற்று உள்ளே வரும். 24-க்கு அது பெரும்பாலும் வலப்பக்கக் குறுக்குக் காற்று, சமயத்தில் ஓடுபாதையையே 6-க்கு மாற்றிவிடுவார்கள். காலையில் வருவதாகச் சொன்னது நல்ல யோசனை.

இப்போது அந்தக் கடைசி வரி. இரவில் பயணியை ஏற்ற, முந்தைய 90 நாட்களுக்குள் நீங்கள் இரவில் மூன்று முறை கிளம்பி, மூன்று முறை முழுதாக நிறுத்தி இறங்கியிருக்க வேண்டும். அதுவும் சூரியன் மறைந்து ஒரு மணி நேரம் கழித்து. அது இருக்கிறதா? இருந்தாலும் பர்க்கில் வேண்டாம் என்பேன். 24-இல் கிளம்பி வலப்பக்கம் திரும்பிய மறு நொடி, நகர விளக்குகள் எல்லாம் முதுகுக்குப் பின்னால் போய்விடும். முன்னால் இருப்பது கறுப்பு. அடிவானம் கிடையாது. வானிலை அறிக்கையில் பத்து மைல் தெளிவு என்று இருக்கும். உங்கள் கண்ணாடிக்கு வெளியே ஒன்றும் இருக்காது. கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் கருவிப் பறப்புத் தகுதி உங்களுக்கு இருப்பதாக எழுதவில்லை. ஜூனில் இங்கே ஒன்பது மணிக்குத்தான் சூரியன் மறைகிறது. ஏழு மணிக்குக் கிளம்புங்கள். விளக்கு பார்க்க வேண்டுமானால் இன்னொரு நாள் காரில் கூட்டி வாருங்கள்.

---

பொன்மலையான்

அக்கா, மிக்க நன்றி. கனடா எல்லை என் கண்ணில் படவே இல்லை. செயலியில் கோடு போட்டதோடு சரி. சுற்றுவழிதான்.

இரவு பற்றி மட்டும் இன்னும் ஒரு சந்தேகம். மிச்சிகனில் இரவில் பறந்திருக்கிறேன், மூன்று இறக்கங்களும் இருக்கின்றன. கிளம்பியவுடன் கரையோர விளக்குகளை இடப்பக்கம் வைத்துக்கொண்டே மேற்கே போனால் அடிவானம் தெரியாதா? வலப்பக்கம் திரும்பினால்தானே சிக்கல்?

---

மேகமூட்டம் | துணை விமானி, தனியார் ஜெட்

இதற்கு நான் பதில் சொல்லலாமா. பர்க்குக்கு வேலை நிமித்தமாக இரவிலும் பனிக்காலத்திலும் வந்து போகிறவன்.

2016 டிசம்பர் 29 இரவு, செஸ்னா சைட்டேஷன் 525சி ஒன்று இதே 24 வலதிலிருந்து கிளம்பியது. கொலம்பஸ் பக்கம் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழக விமான நிலையத்துக்குப் போக வேண்டிய விமானம். ஆறு பேர். கிளம்பி, ஏரிக்கு மேல் வலப்பக்கம் திரும்பி, கொஞ்ச நேரத்திலேயே தண்ணீரில் விழுந்தது, யாரும் பிழைக்கவில்லை. தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் முடிவு: விமானிக்கு மேல் கீழ் தெரியாத திசைக்குழப்பம். ஆட்டோபைலட் ஓடுவதாக அவர் நம்பியிருக்கலாம், அது ஓடவில்லை. எஞ்சினில் கோளாறு எதுவும் இல்லை. அது ஒரே விமானி ஓட்டலாம் என்று சான்று பெற்ற நல்ல ஜெட். முன்னால் பெரிய பெரிய திரைகள்.

உங்கள் கேள்வி நியாயமானது. கரை விளக்கை இடப்பக்கம் வைத்தால் பாதி அடிவானம் கிடைக்கும். வலது பாதி கிடைக்காது. பாதி அடிவானத்தில் ஒரு விநோதம் நடக்கும். க்ளீவ்லேண்டுக்கு மேற்கே கரை நேர்கோடாக ஓடவில்லை, வளைந்து போகிறது. சாய்வாகத் தெரியும் அந்த விளக்கு வரிசையை அடிவானம் என்று எடுத்துக்கொண்டு நீங்களும் சாய்வீர்கள், சாய்ந்திருப்பது தெரியாமலே. ஏரியில் ஒரு சரக்குக் கப்பலின் விளக்கு இருந்தால் அதை நட்சத்திரம் என்றும் எடுத்துக்கொள்ளலாம். கூடவே வேகம் எடுக்கும்போது உடம்பு பின்னால் அழுந்தும். மூக்கு மேலே போகிறது என்று உள்காது சொல்லும். கை முன்னால் தள்ளும். நான் இந்த வேலைக்கு வந்து எத்தனையோ காலம் ஆகியும் அந்த உந்துதல் குறையவே இல்லை. கருவியைப் பார்த்துக் கையை அடக்கக் கற்றிருக்கிறேன், அவ்வளவுதான்.

டவரிடம் "கரையோரமாக மேற்கே" என்று கேட்டால் தருவார்கள். பகலில் அப்படியே கேளுங்கள். இரவில் இங்கிருந்து முதல் தடவை கிளம்பும்போது பக்கத்தில் உட்கார வேண்டியவர் அக்கா மாதிரி ஒரு பயிற்றுநர். அப்பாவை அன்று ஏற்ற வேண்டாம்.

பகலிலும் ஒன்று கவனியுங்கள். வெயில் நாளில் மூட்டம் கட்டினால் ஏரியும் வானமும் ஒரே சாம்பல் நிறமாகிவிடும். ஏரிப் பக்கம் பார்க்காமல் கரையைப் பார்த்தே ஓட்டுங்கள், செயற்கை அடிவானக் கருவியை நொடிக்கொரு தரம் தொட்டுப் பாருங்கள், கண்ணால்தான்.

---

சேதுக்கரை | சிகாகோ

இளைஞரே, நான் விமானம் ஓட்டுவதை நிறுத்திவிட்டேன், மருத்துவச் சான்று போய்விட்டது. ஆனால் ஏரிக்கரை நிலையம் என்றதும் சும்மா இருக்க முடியவில்லை.

எங்கள் ஊரிலும் ஒன்று இருந்தது. மேக்ஸ் ஃபீல்டு. 1948-இல் திறந்தது, நார்தர்லி தீவின் மேல், சுமார் 3,900 அடி ஒற்றை ஓடுபாதை. இறங்கி, காலாற நடந்தால் கோளரங்கம். 18-இல், தெற்கு நோக்கி இறங்கும்போது வலப்பக்கம் வானளாவிய கட்டடங்கள் ஒவ்வொன்றாக உங்களோடு நடந்து வருவது மாதிரியே இருக்கும். உங்களில் பாதிப் பேர் அதைக் கணினியில் ஓட்டியிருப்பீர்கள்; மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரைத் திறந்தால் பல பதிப்புகளில் முதலில் நிற்பது மேக்ஸ் ஓடுபாதையில்தான். 2003 மார்ச் 30 நள்ளிரவு, அப்போதைய மேயரின் உத்தரவில் புல்டோசர்கள் வந்து ஓடுபாதை நடுவே பெரிய எக்ஸ் வடிவங்களாகத் தோண்டிப் போட்டன. காலையில் பார்த்தால் 16 விமானங்கள் போக வழியில்லாமல் நின்றன. பிறகு விமானங்கள் ஊர்ந்து போகும் டாக்ஸிவேயையே ஓடுபாதையாக்கி அவற்றைக் கிளப்பிக்கொண்டு போனார்கள். முன்னறிவிப்புக் கொடுக்காததற்காக நகரத்துக்கு விதித்த அபராதம் 33,000 டாலர். ஒரு நல்ல பழைய செஸ்னாவின் விலைகூட இல்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பர்க்கையும் மூடிவிட்டு ஏரிக்கரையை ஊர் மக்களுக்குத் திறந்துவிடலாம் என்று க்ளீவ்லேண்டில் பல ஆண்டுகளாகப் பேச்சு நடக்கிறது. அவர்கள் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. நகரத்துக்கு நடுவே இவ்வளவு கரை, அதில் காலார நடக்க முடிகிறவர்கள் நம்மைப் போலச் சிலர் மட்டும். ஆனாலும் ஒரு ரயில் ஓட்டுநரை ஏற்றிக்கொண்டு போய் ஒரு நீராவிக் கப்பலின் வாசலில் இறக்கிவிட முடிகிற நிலையம் இந்த நாட்டில் வேறெங்கே இருக்கிறது? அடுத்த கோடைக்குத் தள்ளிப் போடாதீர்கள்.

டெர்மினலுக்குள்ளேயே சர்வதேசப் பெண்கள் விமான, விண்வெளி அருங்காட்சியகம் இருக்கிறது. சின்னதுதான், அரை மணி நேரம் போதும். தவறவிட வேண்டாம்.

---

பொன்மலையான்

மேகமூட்டம் அண்ணா, புரிந்தது. ஏழு மணிக்குக் கிளம்பிவிடுகிறேன். சேதுக்கரை ஐயா, அப்பாவிடம் உங்கள் பதிலைப் படித்துக் காட்டினேன். 16 விமானங்களும் எப்படிக் கிளம்பின, டாக்ஸிவே எவ்வளவு நீளம் என்று இரவு முழுக்க என்னைக் குடைந்துவிட்டார்.

இரண்டு சில்லறைச் சந்தேகங்கள். கரையோரமாகவே போனாலும் டவுன்விண்ட் ஏரிக்கு மேல் என்கிறீர்கள். உயிர்காப்பு மேலாடை வேண்டுமா? சனிக்கிழமையில் ஏதாவது தடை இருக்குமா?

---

வலது இருக்கை

வாடகைக்கு ஆள் ஏற்றாத விமானத்துக்குச் சட்டப்படி கட்டாயமில்லை. நான் இங்கே பறக்கும்போதெல்லாம் அணிகிறேன், ஏப்ரலில் இந்தத் தண்ணீரில் கையை வைத்துப் பார்த்தவர்கள் காரணம் கேட்க மாட்டார்கள். தானாக ஊதும் வகையை வாங்காதீர்கள். இடுப்பில் கட்டும் பை மாதிரியோ, கயிற்றை இழுத்தால் ஊதுகிற மாதிரியோ வாங்குங்கள். அப்பாவுக்கு ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்: வெளியே வந்த பிறகுதான் கயிற்றை இழுக்க வேண்டும். உள்ளே ஊதிவிட்டால் கூரையோடு ஒட்டிக்கொண்டு கதவு வழியே குனிய முடியாது. தண்ணீரில் இறங்கத்தான் வேண்டும் என்றாகிவிட்டால், தொடுவதற்கு முன்பே கதவைக் கொஞ்சம் திறந்து, மூடாதபடி இடையில் ஒரு செருப்பையாவது செருகி வையுங்கள். கதவைத் திறக்கவும் பெல்ட்டைக் கழற்றவும் தரையில் கண்ணை மூடிக்கொண்டு அவரை ஒரு தடவை செய்யச் சொல்லுங்கள். சிரிப்பார், ஆனாலும் செய்யட்டும்.

சனிக்கிழமைத் தடை இருக்கும், அதை நீங்கள் கேட்டது நல்லதாகப் போயிற்று. முப்பதாயிரம் பேருக்கு மேல் உட்காரும் ஸ்டேடியத்தில் பெரிய லீக் ஆட்டம் நடந்தால், தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து முடிந்து ஒரு மணி நேரம் வரை, மூன்று கடல் மைல் ஆரத்தில், தரையிலிருந்து 3,000 அடி வரை தடை. அமெரிக்கக் கால்பந்து ஸ்டேடியம் பர்க்குக்குப் பக்கத்து வீடு. ஜூனில் அங்கே ஆட்டமில்லை. ஆனால் பேஸ்பால் ஸ்டேடியமும் அந்த வட்டத்துக்குள்தான், ஒரு பருவத்தில் உள்ளூரிலேயே 81 ஆட்டம். டவரோடு பேசிக்கொண்டு இங்கே இறங்கவோ கிளம்பவோ செய்கிறவரை அனுமதிப்பார்கள். பேசாமல் ஓரமாக வேடிக்கை பார்த்துக்கொண்டு போவதுதான் கூடாது. உள்ளூர் பேஸ்பால் அணியான கார்டியன்ஸின் அட்டவணையைப் பாருங்கள், கிளம்பும் காலையில் அறிவிப்புகளையும் பாருங்கள். செப்டம்பர் தொழிலாளர் தின வார இறுதிக்குத் தள்ளிப் போட நேர்ந்தால் மட்டும் இந்தப் பக்கமே வராதீர்கள், வான்காட்சி நடக்கும். காட்சி நேரத்தில் ஓடுபாதை உங்களுக்குக் கிடையாது.

இறங்கியதும் நிறுத்துமிடத்துக்கு என்ன கட்டணம், எத்தனை கேலன் எரிபொருள் போட்டால் அது தள்ளுபடி ஆகும் என்பதை முந்தின நாளே தொலைபேசியில் கேட்டு, சொன்னவர் பெயரையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வேறொரு நகரத்தில் போனில் ஒரு தொகை சொல்லிவிட்டு, பில்லில் "வசதிக் கட்டணம்" என்று இன்னொன்றைச் சேர்த்து நீட்டினார்கள். என்ன வசதி என்று கேட்டதற்குக் காபி இயந்திரத்தைக் காட்டினார்கள். மேதர் கப்பல் டெர்மினலிலிருந்து மேற்கே நடக்கிற தூரம்தான், அறிவியல் மையத்தை ஒட்டி நிற்கிறது. கோடைக்காலத்தில்தான் திறப்பார்கள், எந்தெந்த நாள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். உள்ளே இரும்புப் படிகள் செங்குத்தாக இருக்கும், அப்பாவை வேட்டியில் அழைத்து வராதீர்கள்.